தரைக்கொரு வாசனை

இன்று காலை செல்லிப்பட்டிலிருந்து கவிதா வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய கேன். "இனிமே அத இத வாங்கிட்டு இருக்காதம்மா. எல்லாத் தரைக்கும் இது ஒண்ணே போதும்னு போட்டுகீது" என்று மூடியைத் திருகி என் மூக்கருகே நீட்டினாள். மல்லிகைப்பூ வாசனை. நல்ல வாசனைதான். நம் மகள் அக்கறையோடு சுமந்துகொண்டு வந்தது. ஆனாலும் அதை முகர்ந்ததும் எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. வெயிலில் வந்திருக்கிறாய், மோர் குடி என்று அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, கூடத்தில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கிளம்பிப் போன பிறகு இதை எழுதுகிறேன். யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நம் வீடு ஒரே மூச்சில் கட்டிய வீடு இல்லை. முன்னறைக்குச் சிவப்பு சிமெண்ட் போட்டது மாமனார். நம் கல்யாணம் நடந்த வருஷம் கூடத்துக்கு மொசைக் போட்டோம். அடுப்படிக்கு கடப்பா கல். கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் டைல்ஸ் ஒட்டினோம். காசு சேரச் சேர வீடு பின்பக்கமாக வளர்ந்தது. "ஒரே வூட்டுல நாலு ஊரு தரை கீது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

ஊர் பெயர் சொல்லித்தானே உங்கள் காலமெல்லாம் போனது. பாண்டியிலிருந்து மதகடிப்பட்டுக்குப் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வில்லியனூர், அரியூர் என்று நீங்கள் குரல் கொடுத்தால் தூங்குகிறவனும் எழுந்து இறங்குவான் என்பார்கள். சர்க்கரை வந்தது எனக்குத் தெரியும். கண் மங்குவதை மட்டும் என்னிடமிருந்து மறைத்தீர்கள். படிக்கட்டில் ஏறுகிறவர்களின் முகம் புகை மூட்டமாகத் தெரிந்தும் சொல்லவில்லை. அரியூரில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நேராகச் சாக்கடையில் கால் வைத்துவிட்டீர்கள் என்று டிரைவர் வந்து சொன்ன பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை கெட்டுவிட்டது என்றார்கள். ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒரு கண் போனது. மற்றது அதன் பின்னாலேயே போனது.

முதல் சில மாதம் இந்த நாற்காலியை விட்டு எழவே மாட்டீர்கள். எது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுவீர்கள். கூப்பிட்டுவிட்டு, கூப்பிடும்படி ஆகிவிட்டதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

ஒருநாள் விடிந்தும் விடியாமலும் நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட மனசில்லாமல் நீங்களே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போக நினைத்திருக்கிறீர்கள். நான் உள்ளே வந்தபோது அடுப்படி மூலையில் நின்றிருந்தீர்கள். வேட்டி நனைந்திருந்தது. கடப்பா கல்லில் ஈரம் ஓடி அரிசிப்பானையின் அடிவரைக்கும் போயிருந்தது. பானை முட்டியில் இடித்து, இடம் தப்பிவிட்டது என்று அதற்குள் உங்களுக்கே புரிந்திருந்தது.

"இது அடுப்படிதானே?" என்று கேட்டீர்கள்.

ஆமாங்க என்றேன். வேறு வேட்டி கட்டிவிட்டேன். "என்ன ஒரு எடமா கட்டிப் போட்டுடுடி. சோறாக்குற எடத்துல போயி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எத்தனை வருஷம், எத்தனை ஜனத்தை அவரவர் இடத்தில் சரியாக இறக்கிவிட்டவர். சொந்த வீட்டில் இடம் தெரியாமல் நின்றதை உங்களால் தாங்க முடியவில்லை. அன்று முழுக்க நீங்கள் சாப்பிடவில்லை. நானும்தான்.

சாயங்காலம் குளியலறையைக் கழுவிக் கறுப்பு பினாயில் தெளித்துவிட்டு வந்தேன். நாற்காலியில் இருந்தபடியே நீங்கள் கையை நீட்டி, பாத்ரூம் அந்தப் பக்கம்தானே என்றீர்கள். கை நேராக அதன் கதவைக் காட்டியது. எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, "நாறுதே" என்றீர்கள். காலையில் நடந்ததற்குப் பிறகு நீங்கள் வாய் திறந்ததே அப்போதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மறுநாள் வில்லியனூர் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போனேன். சோப்பு, பினாயில், துடைப்பம் எல்லாம் அவரிடம்தானே வாங்குவோம். தரை துடைக்க அறைக்கு ஒரு வாசனையாக மருந்து வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். உங்கள் பஸ்ஸில் போய் வந்தவர் அவர்.

"வாசனய அப்பறம் பாக்கலாம்மா. மொதல்ல எந்த ரூம்ல இன்னா தரைன்னு சொல்லுங்க. ஒத்துக்காதத ஊத்துனா ஒண்ணு அரிச்சிடும், இல்லன்னா வழுக்கும். அவரு நடக்குற எடம்" என்றார்.

எல்லாத் தரையையும் ஒரே மாதிரி துடைத்துக்கொண்டிருந்த எனக்கு அது புதிதாக இருந்தது. மொசைக்கிலும் கடப்பா கல்லிலும் ஆசிட் கூடாது, எலுமிச்சை மாதிரிப் புளிப்பு எதுவுமே படக்கூடாது, மொசைக் பளபளப்பு செத்துப்போகும், கடப்பா கல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும் என்றார். சிவப்பு சிமெண்டில் வெள்ளை பினாயில் ஊற்றினால் மேலே சாம்பல் பூத்தது போலப் படிந்துவிடுமாம். டைல்ஸ் எதையும் தாங்கும், ஆனால் மருந்து கூடினால் பிசுபிசுப்பு நின்று காலை வாரிவிடும். குளியலறையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் மறந்தும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், அந்தப் புகை நெஞ்சை அடைத்துவிடும் என்று இரண்டு தரம் சொன்னார்.

அப்படித்தான் ஒவ்வொன்றாக முடிவானது. கூடத்து மொசைக்குக்கு வெள்ளை பினாயில், ஒரு வாளித் தண்ணீருக்குக் கொஞ்சமே கொஞ்சம். படுக்கையறை டைல்ஸுக்கு எலுமிச்சைப்புல் வாசனையில் ஒரு மருந்து. அது வெறும் புல்லின் வாசனைதான், புளிப்பு கிடையாது. குளியலறைக்கு அந்தக் கறுப்பு பினாயிலே இருக்கட்டும் என்று விட்டோம். முன்னறைச் சிவப்புத் தரைக்கு நான் தேங்காயெண்ணெய் தொட்டு மெருகேற்றுவேன் இல்லையா, வழுக்குமே என்று அதை நிறுத்தினேன். நொச்சி இலையைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் துடைத்தேன். அடுப்படிக்கு என்ன வாசனை வைப்பது என்று உங்களையே கேட்டேன். "அடுப்படிக்கு எதுக்குடி மருந்து? உன் மீன் கொழம்பு வாசன மதகடிப்பட்டு வரிக்கும் போவுது" என்றீர்கள். அங்கே மட்டும் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர்.

முதல் வாரமே படுக்கையறையில் மருந்து கூடிப்போய் நானே வழுக்கி விழுந்தேன். சத்தம் கேட்டுக் கூடத்திலிருந்து, "இன்னாடி, ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாலியே எறங்கிட்டியா?" என்றீர்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். கண் போன பிறகு உங்கள் சிரிப்புச் சத்தம் அன்றுதான் கேட்டது.

பிறகு வீடே உங்களுக்கு பஸ் ரூட் ஆனது. படுக்கையறைதான் பாண்டி. கூடம் வில்லியனூர். அடுப்படி அரியூர். குளியலறை மதகடிப்பட்டு, கடைசி நிறுத்தம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் நிற்பீர்கள். மூக்கை லேசாகத் தூக்குவீர்கள். ஊர் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே கால் வைப்பீர்கள். குளியலறைக்குத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பிவந்த முதல் நாள், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருஷம் அப்படிப் போனது. நன்றாகத்தான் இருந்தோம்.

அப்புறம் கொரோனா வந்தது. இரண்டு பேரும் படுத்தோம். கவிதா வாசலில் சோற்றை வைத்துவிட்டு, தெருவில் நின்றே அழுதுவிட்டுப் போவாள். எனக்கு வாசனை போனது, சில நாளில் திரும்பிவிட்டது. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு காலை, எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் முதல் வேலையாக வீடு முழுவதையும் அந்தந்த மருந்தில் துடைத்தேன். மாப்பைப் பிழிந்து வெயிலில் சாய்த்துவிட்டு வந்தேன். நீங்கள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"இன்னிக்கும் வூடு தொடைக்கலியா?" என்று கேட்டீர்கள்.

உங்கள் காலடியில் தரை இன்னும் காயவில்லை. நான் போய்க் கறுப்பு பினாயில் பாட்டிலைத் திறந்து எடுத்து வந்து உங்கள் மூக்கருகே பிடித்தேன்.

"இன்னா இது, தண்ணியா?"

எனக்குப் புரிந்துபோனது. உங்களுக்கும் அந்த நொடியிலேயே புரிந்திருக்கும். தடவிப் பார்த்து என் கையைப் பிடித்து, பாட்டிலை மெதுவாகத் தள்ளினீர்கள்.

டாக்டர், சிலருக்கு மெதுவாகத்தான் திரும்பும் என்றார். உங்கள் பாதத்தில் சர்க்கரையால் உணர்ச்சி எப்போதோ குறைந்திருந்தது. சிவப்பு சிமெண்டின் வழவழப்பும் மொசைக்கின் குளிர்ச்சியும் உங்கள் காலுக்குத் தெரியாது. வாசனை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் போனது.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒன்றை மட்டும் நான் கவிதாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் நீங்கள் எழுந்து நடந்தீர்கள். நானும் கூடவே வந்தேன். அடுப்படி என்று நினைத்து முன்னறைக்குப் போய், மூலையில் சுவரைப் பார்த்து நின்று, மூக்கைத் தூக்கினீர்கள். "அரியூர் வந்துடுச்சு" என்றீர்கள். பிறகு காத்திருந்தீர்கள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. வாசனை திரும்பிவிட்டது என்று நான் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொன்னீர்கள். அது எனக்குத் தெரிந்தது.

"ஆமாங்க, வந்துடுச்சு. வாங்க, சாப்பிடலாம்" என்று உங்கள் தோளைத் தொட்டு அடுப்படிப் பக்கம் திருப்பினேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து நீங்கள் தனியாக எழவில்லை. நானும் உங்கள் கையை விடவில்லை.

துடைப்பதை மட்டும் நான் மாற்றவில்லை. வாளிச் சத்தம் மாறி மாறிக் கேட்கும்போது, "இன்னும் எதுக்குடி தனித்தனியா? எல்லாத்துக்கும் ஒண்ணயே ஊத்து" என்பீர்கள். வாசனை வந்துடும்ங்க, பாருங்க என்பேன். தினமும் காலையில் துணியை எலுமிச்சைப்புல் மருந்தில் நனைத்து உங்களிடம் நீட்டுவேன். இல்லையென்று தலையை ஆட்டுவீர்கள். ஒருநாள் மட்டும் ஆட்டவில்லை. துணியை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டு, "லேசா வருதுடி" என்றீர்கள். மறுநாள் காலை நான் காப்பி எடுத்து வந்தபோது நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அது உண்மையாகவே வந்ததா, எனக்காகச் சொன்னதா? இத்தனை நாள் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. சில நாள் வந்தது என்று நினைத்துக்கொள்கிறேன். சில நாள், கடைசியிலும் என்னைத் தேற்றிவிட்டுத்தான் போனீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டில் எதை நினைத்தாலும் அழுகைதான் வருகிறது.

உங்களை எடுத்துக்கொண்டு போனதும் வழக்கப்படி வீட்டைக் கழுவி விட்டார்கள். உறவுக்காரப் பெண்கள்தான், நல்ல மனசோடுதான் செய்தார்கள். யாரோ வாங்கி வந்த ஒரே மருந்தை வாளி வாளியாகக் கலந்து, முன்னறையில் தொடங்கிக் கடைசிவரை ஊற்றித் தள்ளினார்கள். நான் தலை முழுகிவிட்டு ஈரப் புடவையோடு உள்ளே வந்தேன். கூடத்தில் நின்றேன். எங்கே பார்த்தாலும் ஒரே வாசனை. படுக்கையறையில் போய் நின்றேன், அதே வாசனை. அடுப்படியிலும் அதே. உங்கள் வழி முழுக்க அழிந்துபோயிருந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. கணவரை நினைத்து அழுகிறாள் என்று என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாளே பாய் கடைக்கு ஆள் அனுப்பினேன். இன்றுவரை அந்தந்தத் தரைக்கு அதனதன் மருந்துதான். இதைக் கவிதாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல்தான் இன்று அவளிடம் சிரித்து வைத்தேன்.

இன்னொன்றும் என்னோடு தங்கிவிட்டது. கண் தெரியாதவரிடம் சத்தமில்லாமல் கிட்டே போனால் திடுக்கிடுவார்கள். அதனால் நீங்கள் இருக்கும் அறைக்குள் நான் வரும்போதெல்லாம் முதலில் குரல் கொடுப்பேன். இப்போதும் கொடுக்கிறேன். வாசலில் நின்று, "நான்தாங்க" என்கிறேன். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகுதான் உள்ளே கால் வைக்கிறேன்.