யோபு மனஸ்தாபப்பட்டாராம்!

சாவகச்சேரி
17.06.2025

அன்புள்ள மகள் மிரியத்துக்கு,

நானும் அப்பாவும் கர்த்தருடைய தயவால் சுகம், மெல்பேர்ண் குளிர் உன் நெஞ்சில் ஏறாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் மன்றாட்டு. அப்பாவின் முழங்கால் நோ பழையபடிதான், சொன்னாலும் கேளாமல் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறார். போன கிழமை உன்னோடு கதைத்தபோது கோபத்தில் எனக்குப் பாதி வார்த்தை வரவில்லை, நடந்ததை நீயும் முழுதாக அறியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நல்லம்மா அன்ரியின் மகன் றஜிந்தனை உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவன். யுத்தத்தின் கடைசி நாட்களில் அவனை ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதை அன்ரி தன் கண்ணால் பார்த்தவர். பதினாறு வருஷமாக அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு தெருவோரத்தில் இருக்கிறார், இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் சபைக்கு வந்திருக்கும் புதுப் போதகர், மரித்தவர்களை நினைவுகூரும் ஆராதனைக்குப் பட்டியல் எடுக்கிறார், அதில் றஜிந்தனின் பெயரையும் சேர்க்க அன்ரியிடம் கையெழுத்துக் கேட்டாராம். அன்ரி மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுதும், பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கடவுளிடம் நியாயம் கேட்ட யோபு! "யோபுவே கடைசியிலை தூளிலும் சாம்பலிலும் இருந்து மனஸ்தாபப்பட்டார், கடவுளோடை வழக்காடினது பிழை எண்டு ஒத்துக்கொண்டார், இன்னும் றோட்டிலை இருந்து வழக்காடுற ஆக்கள் யோசிக்கவேணும்" என்று அன்ரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்ன நெஞ்சழுத்தம் பார் மகள்! பின்னேரம் அன்ரி வீட்டுக்கு வந்து, "நேசம், என்ரை பிள்ளையைத் தேடுறது பாவமோ?" என்று கேட்டார், புதன்கிழமை கையெழுத்துப் போடப்போகிறேன் என்றும் சொன்னார். அன்றுதான் உனக்குப் போன் எடுத்தேன்.

நீ எபிரேயம் படித்து என்னத்தைக் காணப்போகிறாய் என்று நானே உன்னை ஏசியிருக்கிறேன், அதை மனதில் வைக்காதே. நீ சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு புதன்கிழமை வேதபாடத்துக்கு அன்ரியோடு போனேன். போதகர் கையெழுத்துக்கான அந்தத் தாளோடு இருந்தார். நான் எழும்பி, யோபுவின் மனஸ்தாபத்துக்கு எபிரேயத்தில் இருக்கிற 'நஹம்' என்ற சொல்தானே இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் தேற்றுதல் என்று வருகிறது, அப்படியானால் யோபு ஆறுதல் அடைந்தார் என்றும் வாசிக்கலாமே, படித்தவர்களே ஒரு முடிவுக்கு வராத சொல்லை வைத்து ஒரு தாயை எப்படிக் குற்றவாளியாக்கலாம் என்று கேட்டேன். "அம்மா, உங்களுக்கு எபிரேயம் தெரியுமோ?" என்று சிரித்தார். "தெரியாது, என்ரை பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தமிழ் தெரியும். அடுத்த வசனத்திலை யோபு சரியாய்த்தான் கதைச்சவர், புத்தி சொல்ல வந்த கூட்டாளியள்தான் பிழையாய்க் கதைச்சவை எண்டு கடவுள் கோவிக்கிறார். அதை ஏன் நீங்கள் வாசிக்கேல்லை?" என்றேன். மனுஷன் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அன்ரி என் கொப்பியை வாங்கி, எரேமியாவில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் அடையாமல் இருக்கிற இடத்தைத் தானே வாசித்தார், அங்கேயும் அதே சொல்தான் என்று நீ சொன்னாயே. வாசித்துவிட்டு, "போதகர் ஐயா, இவளைக் கடவுள் ஏசேல்லை. பிள்ளையள் திரும்பி வருவினம் எண்டுதான் சொல்லுறார். என்ரை பிள்ளையின்ரை பேரைச் செத்த ஆக்களோடை வாசிக்க நான் விடமாட்டன்" என்று சொல்லி, தாளை மடித்து அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தார். போதகர் இந்த ஞாயிறும் மன்னிப்புக் கேட்கவில்லை, அதை நினைக்க எனக்கு இன்னும் கொதிக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. நேற்று அன்ரி படத்தோடு பஸ் ஏறினார், இத்தனை வருஷத்தில் முதல்தரம் நானும் கூடப்போய்த் தெருவோரத்தில் அவர் பக்கத்தில் இருந்தேன். இவ்வளவு காலமும் போகாததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

உன் படிப்பையும் உன் கையின் வேலையையும் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஜெபத்தில் றஜிந்தனின் பெயரைச் சொல்ல மறவாதே, உயிரோடு இருக்கிற ஒருவனுக்குச் சொல்வதுபோலச் சொல்லு.

உன் அன்பு அம்மா,
நேசம்மா வில்லியம்