இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். ஹந்தானை மலை ஒரு மேகம்கூட இல்லாமல் தெளிவாக. அக்கா வெளியில் மிளகாய் காயப் போட்டிருக்கிறாள். காக்கா விரட்டுவது என் வேலையாம். இடது கையால்தான்.

வலது கையால் தினம் பத்து வரி எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் உத்தரவு. எழுதுகிறேன். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி எழுத்து.

சில வார்த்தை இன்னும் வருவதில்லை. நேற்று தலையணையைக் கேட்க நினைத்து "கத்தரிக்கோல் குடு" என்றேன். அக்கா சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. தையல்காரிக்கு எல்லாமே கத்தரிக்கோல்தான் போல.

ஆல்பர்ட் போன் பண்ணினான். திருச்சிக் கடையில் ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. பாவம், ஒற்றை ஆளாய் வெட்டித் தைக்கிறான். "எப்பம்மா வர்றே?" என்கிறான். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. அக்கா மகள் ஷாமினி கல்யாணத்துக்கு என்று ஜனவரியில் வந்தவள். பத்து நாளில் திரும்புவதாக டிக்கெட். கல்யாணத்துக்கு மறுநாள் வாய் கோணி விழுந்தேன். விசா ஒரு தடவை நீட்டியாச்சு.

நாளை ர.டெ. (ரத்த டெஸ்ட்).

மார்ச் 10, செவ்வாய்

ரத்த நம்பர் 1.6. போன தடவை 1.5. அதற்கு முன் 1.4. ஆமை வேகம்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வரணும். அதுவும் அடுத்தடுத்து இரண்டு தடவை. அப்போதுதான் பிளேனில் போக டாக்டர் கடிதம் தருவார். குறைந்தால் ரத்தம் கட்டி மறுபடி ஸ்ட்ரோக். கூடினால் ரத்தம் நிற்காது. இதயம் தாளம் தப்பி அடிப்பதால், ரத்தம் கட்டாமலிருக்க இந்த மாத்திரை ஆயுசுக்கும்.

மிஸ்ஸி (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ரொம்ப நேரம் சிங்களத்தில் பேசினாள். விரலை ஆட்டி ஆட்டி. அக்கா தலையாட்டினாள். என்ன சொல்றாங்க என்று கேட்டேன்.

"மாத்திரைய கூட்டிருக்காங்க. நல்லா சாப்பிடட்டும்ங்கிறாங்க."

"அம்புட்டு நேரம் பேசுனது இவ்வளவுதானா?"

"சிங்களத்துல அப்பிடித்தான் புள்ள, இழுத்துப் பேசுவாங்க."

எனக்குச் சிங்களம் தெரியாது. பதினொரு வயதில் அப்பா எங்களை இந்தியாவுக்குக் கூட்டிப் போகும்போதும் தெரியாது. அக்கா அதற்குள் கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டாள். அத்தான் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். இப்போது ஷாமினியும் கம்பளைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாச்சு.

மாத்திரை இனி நீலம் ஒன்று, பழுப்பு இரண்டு.

மார்ச் 12

ராத்திரி மழை. மிளகாய் நனைந்தது. எடுத்து வைக்காதது யார் என்று சண்டை. நான்தான். ஒத்துக்கொள்ளவில்லை.

காலையில் வழக்கம்போல் இலைக்கஞ்சி, பெரிய கிளாஸ் நிறைய. வல்லாரையும் இன்னும் என்னென்னவோ தழையும் அரைத்துப் பச்சைப் பசேலென்று. கடித்துக்கொள்ள கித்துள் கருப்பட்டித் துண்டு. "ரத்தம் ஊறும், மடக்குனு குடி." மத்தியானம் வல்லாரைச் சம்பல். ராத்திரி பொன்னாங்கண்ணி. நான் என்ன ஆடா?

ஆனால் ருசி. சொல்லவில்லை, தலைக்கு மேல் ஏறிக்கொள்வாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஷாமினிக்கு மசக்கை. சோற்று வாசனையே ஆகவில்லையாம். அக்கா பூசை முடிந்ததும் அப்படியே கம்பளைக்குப் பஸ் ஏறிவிட்டாள். எப்போது வருவாளோ. பக்கத்து வீட்டுக் குமாரி எனக்குச் சாப்பாடு தருவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. கையும் தலையும்தான் பாஷை.

பாண் (ரொட்டி), பருப்பு. நிம்மதி. இலை தழை இல்லை.

மார்ச் 17 (செவ்வாய்தானே?)

வீடு சத்தமே இல்லாமல். இந்த அக்கா இருந்தால் தொணதொணப்பு, இல்லாவிட்டால் காது வலிக்கிறது.

காலை மாத்திரை போட்டேனா? அட்டையைப் பார்த்தேன். நான் நினைத்த கணக்கும் அட்டையும் ஒத்துவரவில்லை. போடாமல் விட்டுவிட்டேன். போட்டிருந்தால் சரி. போடாவிட்டால்?

மார்ச் 19

பல் தேய்க்கும்போது ரத்தம். தொடையில் நீலமாய்த் திட்டு, உள்ளங்கை அகலம். எங்கே இடித்தேன் என்று ஞாபகமில்லை.

அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லவில்லை. பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் கலவரம் எதற்கு.

மார்ச் 20, வெள்ளி

மூக்கில் ரத்தம். துண்டு நனைந்தும் நிற்கவில்லை. சுவரைத் தட்டினேன். குமாரி ஓடி வந்து பார்த்து "அனே!" என்று நெஞ்சில் கை வைத்தாள். த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரி.

5.8.

ஆமை எப்போது முயலானது? நான் என்ன செய்தேன்? மிஸ்ஸி என்னவோ கேட்கிறாள், நான் முழிக்கிறேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் அம்மா, ஃபரீனாவாம், கடுகண்ணாவை ஊராம், அவளுக்கும் இதே மாத்திரைதான், குறுக்கே வந்தாள்.

"கீரைய திடீரெண்டு நிப்பாட்டினீங்களாண்டு மிஸ்ஸி கேக்குறாங்க."

"கீரையா? அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அல்லாவே! அதுதானே எல்லாம். கீரை, கஞ்சி கூடுதலாத் திண்டா நம்பர் எறங்கும். நிப்பாட்டினா ஏறிடும். ஒரே அளவாத் திங்கணும். ஒங்கட அக்காக்கிட்ட மூணு தரம் சொல்லி இரிக்காம்."

மூணு தரம்.

மாத்திரை இரண்டு நாள் நிறுத்தம். மூக்கில் பஞ்சு. மற்றபடி என்ன எழுத என்று தெரியவில்லை.

மார்ச் 21

அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பஞ்சைப் பார்த்து அழுதாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மறந்துட்டேன் ரோசு."

மறக்கிற ஆளா இவள்? நான் நாலாம் வகுப்பில் தொலைத்த கொலுசுக்கு இன்னும் கணக்குக் கேட்கிறவள். விடவில்லை. சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"சொன்னா நீ கஞ்சிய நிப்பாட்டுவே. நம்பர் சரியாயிரும். சரியானா போயிருவே."

எனக்கு வந்ததே கோபம். கிளாஸை எடுத்து வீசினேன். இடது கை, குறி தப்பிச் சன்னலில் பட்டது.

"மறுபடி ஸ்ட்ரோக் வந்து செத்திருந்தா? பொணத்த வச்சுக்கிட்டு இருந்திருப்பியா, பாவி?"

"அப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியுமா? கொஞ்ச நாளைக்குத்தானேன்னு... ஆறு மாசத்துல வந்து பாக்குறேன்னுட்டு அப்பா கப்பலேறினாரு. யாரு வந்தா? அத்தானுக்கு மண்ணு போடக்கூட ஒருத்தரும் வரல."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவள் சோறு பிசைந்து கொடுத்தாள், நான் சாப்பிட்டேன். என்னைக் கொல்லப் பார்த்தவள் கையால். ஆல்பர்ட்டிடம் சொல்வதா? என்னவென்று சொல்வது? துரோகம் என்று எழுதி அடித்துவிட்டேன். பாசம் என்று எழுதக் கை வரவில்லை.

மார்ச் 24

3.3. இறங்குகிறது. கஞ்சி தினமும் அரைக் கிளாஸ், மிஸ்ஸி சொன்ன அளவு. அக்கா அளந்து ஊற்றுகிறாள், மருந்து மாதிரி. பேச்சு குறைவு. இரண்டு பக்கமும்தான்.

மார்ச் 31

2.4!

அக்கா இப்போது ஒரு வார்த்தை விடுவதில்லை. "ஃபேன் ஓடலங்கிறாங்க." "பின்னால நிக்கிறவர நகரச் சொல்றாங்க." மிஸ்ஸி தும்மினால் அதையும் தமிழில் சொல்வாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துப் படி இறக்கினாள். விடுவித்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியும் முன் எழுந்து பூசைக்குப் போனோம். கோயிலில் கூட்டம். ஷாமினியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கோழிக் குழம்பு, இனிப்புக்கு வட்டலப்பம். வலது கையால் நானே கரண்டி பிடித்தேன். அக்கா எல்லோரிடமும் சொல்லிப் பெருமை.

ஆல்பர்ட்: "செவ்வாய் நல்ல நம்பர் வந்தா டிக்கெட் போட்டுர்றேம்மா." சரி என்றேன். போனை வைத்த பிறகு காரணமில்லாமல் அலுமாரியைத் திறந்து மூடினேன். சேலையெல்லாம் இரண்டு மாதத்தில் அக்காவுடையதும் என்னுடையதுமாகக் கலந்து கிடக்கிறது.

நான் போக ஆசைப்படுகிறேன். படுகிறேன்தானே?

ஏப்ரல் 7, செவ்வாய்

தூறல். கிளினிக்கில் நீள வரிசை.

2.6.

டாக்டர் சிட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், சிங்களத்தில் அக்காவிடம் சொன்னார். சின்ன வாக்கியம்தான். அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தாள். இந்தத் தடவையும் மறைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மறைக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"போலாமாம்" என்றாள்.

டாக்டர் கடிதம் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். நான் அக்கா சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"சரியாக் கேட்டியா? இன்னொருக்கா கேளு."