மூன்று வருடமாகக் கேட்ட குரல்

வெள்ளிக்கிழமை வானொலிக்காரருக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று உங்கள் குரலே சொல்கிறது.

யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களை அறிமுகம் செய்யும் உங்கள் நிகழ்ச்சியை இன்றும் கேட்டேன். பன்னிரண்டு வருடம் அந்தக் குழுக்களைத் தேடிப் பிடித்தது நான். துணி மடித்துக்கொண்டே நூறு பாட்டுக் கேட்டு, ஒன்றைப் பொறுக்கித் தருவேன். "நானே தேடிக் கண்டுபிடிச்சேன்" என்று மைக்கில் வாய் கூசாமல் சொல்வீர்கள்.

போன மாதம், குழுவின் பெயரை மட்டும் போட்டு உங்களுக்கு ஒரு பாட்டு அனுப்பினேன். பொறி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எலி இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. "இந்தப் பொண்ணு குரலை மூணு வருஷமா கேட்டுட்டு வர்றேன். என் கண்ணு முன்னாடி வளர்ந்த குரல்" என்று இன்று அளந்துவிட்டீர்கள்.

அந்தக் குழு ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது. நம் வீட்டுச் சமையலறையில்தான் ஒத்திகை. பாடுவது உங்கள் மகள். நீங்கள் வீட்டை விட்டுப் போன இந்த மூன்று வருடத்தில் அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நேரலைக்கு வரச் சொல்லிக் குழுவுக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறீர்கள். வருகிறாள். இன்று நீங்கள் பேசியதை அப்படியே பதிவு செய்தும் வைத்திருக்கிறாள்.

"உங்கப்பாகிட்ட உன்னை அறிமுகம் பண்ண வேண்டியதில்லையே" என்றேன்.

"வேணும்மா. எல்லாரும் கேட்கும்போது நானே பண்ணிக்கறேன்" என்றாள்.

இப்படிக்கு,
உங்களுக்குக் காதாக இருந்தவள்