ஒரே காற்று, இரண்டு மடி

அக்கா,

காலையில் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். நாமகிரிப்பேட்டைக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் கை தானாகப் போகிறது.

எழுபதுகளில் மேட்டூரில், ரசாயன ஆலையை ஒட்டிய லைன் வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நம் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் அங்கேதான் வேலை. காற்று திரும்பினால் ஆலையிலிருந்து இதே நெடியோடு குளோரின் கேஸ் இறங்கும். கதவை அடைத்து, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்கள் அறையில் ஒடுங்கிக் கிடப்போம். குடித்ததும் ஒரே கிணற்றுத் தண்ணீர். எனக்குப் பிள்ளைகள் பிறந்தன. உங்களுக்கு ஒவ்வொன்றும் பாதியில் கலைந்தது.

"பக்கத்து ஊட்டுக்காரியும் இந்தத் தண்ணியத்தான குடிக்கறா, அவளுக்குத் தங்கலையா?" என்று உங்கள் மாமியார் வாசலில் நின்று கேட்பார். நான் இடுப்பிலிருக்கும் மகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன்.

கடைசி முறை, நாள் தள்ளியதுமே தம்மம்பட்டிக்கு, உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அங்கே கரு தங்கியது. ஏழாம் மாதம், கர்ப்பிணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் கட்டுச்சோற்று விருந்துக்கு மாமியார் திரும்ப அழைத்துவந்தார்.

"ஏனுங்க்கா வந்தீங்க?" என்றேன்.

"வராம எங்க போறது அம்மிணி? புருசன் ஊட்டுல இருந்து அனுப்பறதுதான முறை. விருந்து முடிஞ்சதும் போயிருவேன்."

விருந்துக்கு முன்பே கேஸ் இறங்கியது. அன்றிரவே வலி கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையும் திரும்பவில்லை, நீங்களும் திரும்பவில்லை. நான் அதற்குப் பிறகும் அந்தச் சுவரோடுதான் இருந்தேன். வீட்டுக்காரர் வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை.

அன்று இடுப்பிலிருந்த மகள் இப்போது கல்லூரியில் உயிரியல் நடத்துகிறாள். "ஒரே நஞ்ச ஒரு உடம்பு கழிச்சிரும், இன்னொண்ணால முடியாதும்மா. அது பொறப்புலயே வர்றது. தாங்கறவங்க பிள்ளைகளே மிஞ்சிட்டு வந்தா, பல தலைமுறைக்கப்புறம் சனங்க உடம்பே மாறிப்போகலாம். உங்க அக்காவுக்கு அதுதான் ஆச்சான்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றாள். இயற்கைத் தேர்வு என்று அதற்குப் பெயராம். நாம் இருவரும் கேட்டா அந்தத் தேர்வில் உட்கார்ந்தோம்?

அவள் மகளுக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்கள், "உங்க வம்சத்துக்கே கெட்டியான உடம்புங்க" என்கிறார்கள். அப்போதெல்லாம் மனதுக்குள் உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் வயிற்றில் ஒரு குறையும் இல்லை அக்கா. அதை அன்று உங்கள் மாமியாரிடம் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்கூட அந்த லைனில் இல்லை.