சனிக்கிழமைக் கஞ்சி

நவம்பர் 9, 2025, ஞாயிறு. செம்மண்டலம்

முந்திரித் தயிர் இன்று அருமையாக உறைந்துவிட்டது. பண்ருட்டி முந்திரியை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, பச்சை மிளகாய்க் காம்பு நாலைந்து போட்டு மூடி வைத்திருந்தேன். காலையில் கட்டியாக நின்றது. இலக்கியா விரலால் வழித்து நக்கிவிட்டு, "நெசத் தயிரு மாதிரியே இருக்கும்மா" என்றாள். எட்டு வயசு நாக்கு, பொய் சொல்லாது.

வள்ளலார் வழி வீடு. கறி, மீன், முட்டை எங்களுக்கு எப்போதும் கிடையாது. போன வருஷம் டாக்டரம்மா இலக்கியாவுக்குச் சீலியாக், கோதுமை குடலைப் புண்ணாக்குகிற நோய் என்று சொல்லி, அதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பாலும் அவளுக்கு ஆகாது என்றார். அன்றைக்கு இவர்தான் சொன்னார்: "புள்ளைக்கு ஒரு சோறு, நமக்கு ஒரு சோறா? எல்லாரும் ஒண்ணையே சாப்புடுவோம்." அந்த ஒரு வார்த்தைக்காக ஜெயப்பிரகாஷ் என்கிற மனுஷன்மேல் நான் வைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

நவம்பர் 22, சனி

அப்பாவும் மகளும் வழக்கம்போல சிதம்பரம் போனார்கள். பாட்டு வகுப்பு முடிந்ததும் மத்தியானம் அவர் அக்கா புஷ்பவள்ளி அண்ணி வீட்டில். அங்கே சாப்பிட தினைச் சோறும் கத்திரிக்காய் கொத்சும் கட்டிக் கொடுத்தேன். டப்பா துடைத்ததுபோல் காலியாக வந்தது. எனக்கு வேறென்ன வேணும்.

டிசம்பர் 4, வியாழன்

ரத்தப் பரிசோதனை. சீலியாக் அளவு இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. எடையும் கூடவில்லை. "எங்கேயோ கோதுமை உள்ள போவுதும்மா. துளி போதும், குடல் புண்ணாயிடும். இப்படியே போனா புள்ள வளராது" என்றார் டாக்டரம்மா. இவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்கே? என் சமையலில் எங்கே? வயிறு வலிக்குதா என்று கேட்டால் இலக்கியா இல்லை என்கிறாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

பெருங்காயம்! கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்குமாம். ஒரு வருஷமாக என் கையாலேயே ரசத்தில் போட்டிருக்கிறேன். படுபாவி நான்.

எல்லாவற்றையும் கொட்டினேன். பெருங்காயம், கடை சாம்பார்ப் பொடி, கோதுமை அரைக்கிற மில்லில் அரைத்த அரிசி மாவு, எல்லாமே. இவர் பக்கத்தில் நின்று குப்பைப் பையை விரித்துப் பிடித்தார். நான் அழுதபோது தோளைத் தட்டி, "உம்மேல தப்பு இல்ல, விடு" என்றார்.

டிசம்பர் 19, வெள்ளி

மிளகாய், மல்லி எல்லாம் இனி வீட்டிலேயே வறுத்து அரைப்பது. கை எரிகிறது. எரியட்டும்.

ஜனவரி 3, 2026, சனி

எழுதித்தான் ஆகணும்.

இன்று ஆருத்ரா தரிசனம். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருவாதிரைக் களி கிண்ட நேரமாகும் என்று அப்பாவையும் மகளையும் முன்னால் அனுப்பிவிட்டு, பின்னாலேயே தூக்குவாளியோடு பஸ் ஏறினேன். சிதம்பரத்தில் சரியான கூட்டம். அண்ணி வீட்டுத் தெருவை மறித்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கமாக நுழைந்தேன்.

மாட்டுக் கொட்டகைப் படியில் இலக்கியா உட்கார்ந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தாள். மடக் மடக்கென்று, பழகின பிள்ளை மாதிரி. பால் வாசனை. என்னைப் பார்த்ததும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். என்கிட்டயா மறைக்கறா? என் புள்ளையா?

அண்ணிக்கு ஒரு பதற்றமும் இல்லை. "சம்பா ரவைக் கஞ்சி, வேற ஒண்ணுமில்ல. நாட்டுக் கோதும, நாட்டு மாட்டுப் பாலு. கலப்பினந்தான் ஒடம்புக்கு ஆவாது. கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும். நானா குடுக்கல வெண்மதி, தம்பியக் கேட்டுத்தான் வாராவாரம் குடுக்கறேன்."

தம்பியைப் பார்த்தேன். தம்பி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஜாஸ்தி பயப்படுவேன்னுதான் சொல்லல" என்றார்.

அப்போ நான் கட்டிக் கொடுத்த சோறு? இலக்கியாதான் கழுநீர்த் தொட்டியைக் கை காட்டினாள்.

களி வாளியைத் திறக்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

பையை விரிச்சுப் புடிச்சாரே! எல்லாம் தெரிஞ்சும் புடிச்சாரே! நான் டப்பா டப்பாவாக் கொட்டி, என்னையே திட்டிக்கிட்டு அழுவறப்ப, "உம்மேல தப்பு இல்ல"ன்னு சொன்னாரே. ஆமாய்யா, இல்லதான். ஒனக்குத்தான் தெரியுமே!

அண்ணிக்கு அவுங்க நம்பிக்கை. டாக்டர் சொன்னதை அவுங்க காதால கேக்கல. இந்த மனுஷன் கேட்டாரு. கேட்டுட்டு அந்த சனிக்கிழமையே கூட்டிட்டுப் போயிருக்காரு.

இலக்கியாவை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். கஞ்சி குடித்த மறுநாளெல்லாம் வயிறு வலிக்குமாம்.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவேன்னு அப்பா சொன்னாரு."

ஜனவரி 9, வெள்ளி

டாக்டரம்மாவிடம் போனோம். இவரும் வந்தார். "எங்கியோ தெரியாம சாப்ட்டிருக்கா" என்று ஆரம்பித்தார். "தெரிஞ்சேதான் டாக்டர்" என்றேன், அவர் பக்கம் திரும்பாமல். எல்லாவற்றையும் சொன்னேன். இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். குடல் ஆற மாசக்கணக்கில் ஆகுமாம், நடுவில் வலி வந்தால் பிள்ளை ஒளிக்காமல் சொல்ல வேண்டுமாம்.

ஒளிக்கத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தேங்காய்ப்பாலில் பொங்கினேன். அவருக்கும் வைத்தேன், பேச்சில்லாமல். காலையில் என்னிடம் "ஸாரி" சொல்லச் சொல்லி இலக்கியாவை அனுப்பினார். இதற்கும் பிள்ளைதானா தூது?

பாட்டு வகுப்பைத் திருப்பாதிரிப்புலியூருக்கு மாற்றியாயிற்று. நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஜனவரி 21, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அடுப்படியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். என்னடி என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, வயிறு வலிக்குது."

தானாகச் சொன்னாள். நான் அழவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டேன். தொப்புளுக்குப் பக்கத்தில் தொட்டுக் காட்டினாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதம்மா. அழுவாரு" என்றாள்.

அடுப்பை அணைத்தேன்.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். "புள்ளைக்கு வயிறு வலிக்குதாம். அவ வாயாலயே கேளுங்க."

சிதம்பரத்திலிருந்து வந்த பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.