உப்பளத்தில் மாட்ட இரண்டு படங்கள்

மும்பை
12.2.2006

அன்புள்ள மேரிசெல்விக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? எனக்கு இருமல் நின்றுவிட்டது.

எங்கள் ஸ்டூடியோவுக்கு இங்க்ஜெட் பிரிண்டர் வந்திருக்கிறது. இனி நான் படம் கழுவும் டார்க்ரூம் எதற்கு என்கிறார் முதலாளி. ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தை இரண்டிலும் போட்டு அருகருகே வைத்தேன். பிரிண்டர் படத்தில் கறுப்பு லேசாகப் பச்சை தட்டியது. முதலாளி நம் திண்டிவனத்துக்காரர். "ஏம்பா, பச்சை உன் கண்ணுலதான் இருக்குது, டாக்டர்கிட்ட காட்டு" என்றார். காட்டினேன். கண்ணில் குறை இல்லையாம்.

அடுத்த தகராறு, எது நீண்டநாள் நிற்கும் என்பது. அவர் ஏசி அறையில் மாட்டிப் பார்க்கிறார். அங்கே நானே கெடாமல் இருப்பேன். மரக்காணம் உப்பளத்தில் ஒரு கோடை தாங்கட்டும், பிறகு பேசலாம் என்றேன். ஒப்புக்கொண்டார். டார்க்ரூம் படம் தோற்றால் என் வேலை போய்விடும்.

இரண்டு படமும் இத்துடன் அனுப்புகிறேன். கண்ணாடி போடாமல் உப்பளக் கொட்டகையில் மாட்டு. படத்தில் இருப்பது நான்தான். சம்பளமில்லாமல் உட்கார வேறு ஆள் கிடைக்கவில்லை. தினமும் நின்று பார்த்து, எந்த முகம் மங்குகிறது என்று எழுது. ஒருநாளும் விடாதே, பரீட்சை கெட்டுவிடும்.

டார்க்ரூம் படத்தின் பின்பக்கம் குறி போட்டிருக்கிறேன். வேலை போனால் ஊருக்கு வந்துவிடுவேன் என்று அதன்மேல் மட்டும் உப்புத்தண்ணீர் தெளிக்காதே. நான் ஜெயிக்க வேண்டும், செல்வி.

தபால்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார், ஓடுகிறேன்.

அறிவழகன்