செல்லதுரைக்கு வந்த தடை

மட்டாஞ்சேரி
14-7-1985

பிரியமுள்ள மச்சானுக்கு மாயம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே எனக்கும் நம் மகள் கங்காவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இருமல் நின்றதா என்று நீங்கள் எழுதவேயில்லை. தாராவி அறை ஒழுகுகிறது என்று போன மாதம் சொல்லியிருந்தீர்கள். கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள், ஈரத் தரையில் படுக்க வேண்டாம். கம்பெனி ஃபுட்பால் டீம் முழுவதற்கும் கைகால் பிடித்துவிடுகிற மனிதருக்குத் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் தெரியாது.

இங்கேயும் மழை விடவில்லை. கிடங்கில் சுக்கு காய மாட்டேன் என்கிறது. நானும் மூக்கம்மா அக்காவும் பாதி நாள் பூசணம் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் ஊரில் இல்லையென்று தெரிந்தும் சுளுக்கு என்று ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். நேற்று பள்ளுருத்தியிலிருந்து ஒரு சேட்டன் ஆட்டோவில் வந்து இறங்கினார். கங்கா, அச்சன் பம்பாயில் என்று சொல்லிவிட்டு, நீங்கள் செய்வதைப் பார்த்திருக்கிற தைரியத்தில் அவருடைய கணுக்காலைப் பிடித்துத் திருகிவிட்டாள். மனிதர் எழுந்து நடந்தே போய்விட்டார். குணமாகிப் போனாரா, பயந்து போனாரா தெரியவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். செல்லதுரை திரும்பி வந்துவிட்டான்.

பெட்டியும் கையுமாக மழையில் நனைந்துகொண்டு வந்தான். இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கும் முகாமில் இருக்க வேண்டிய பிள்ளை இங்கே எப்படி வந்தான் என்று பெற்றவளான மூக்கம்மா அக்காவுக்கே விளங்கவில்லை. மறுநாள் மலையாளப் பத்திரிகையில் வந்ததைக் கங்காதான் படித்துச் சொன்னாள். உங்கள் கம்பெனிக்காக இறுதி ஆட்டம் ஆடிவிட்டு நேரே முகாமுக்குப் போயிருக்கிறான். வெளிநாட்டுக்குப் போகும் டீம் என்பதால் அங்கே எல்லாருடைய மூத்திரத்தையும் வாங்கிச் சோதித்தார்களாம். ஓடுகிறவனுக்கு வெறி ஏற்றுகிற மருந்து ஒன்று, ஆட்டக்காரர்கள் சாப்பிடக் கூடாது என்று தடை செய்தது, இவன் உடம்பில் இருந்ததாம். அன்றைக்கே முகாமை விட்டு அனுப்பிவிட்டார்கள். கம்பெனியும் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது. பம்பாயில் ஒரு கமிட்டி விசாரிக்கப் போகிறதாம். குற்றம் உறுதியானால் மூன்று வருஷம் எந்த மைதானத்திலும் ஆட முடியாது என்று போட்டிருந்தது.

காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தாலே ஓடி ஒளிந்த பிள்ளை அவன். இவனா மருந்து தேடிப் போயிருப்பான்? இங்கே பரேடு மைதானத்துக்குப் பந்தாட ஒரு நாள் காலையில் போயிருக்கிறான். சின்ன வயதிலிருந்து அவனை வளர்த்துவிட்ட கிளப்பின் செக்ரட்டரி தனியே கூட்டிப் போய், மோனே, விசாரணை முடிகிற வரை இங்கே பந்தைத் தொடாதே, உன்னால் நம் கிளப்பையும் தடை பண்ணிவிடுவார்கள் என்று சொன்னாராம். சாயாக் கடையில் இன்னொருவன், இதுவரை இவன் போட்டதெல்லாம் மாத்திரை போட்ட கோல் என்று இவன் காதுபடவே சொல்லியிருக்கிறான். அதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

மூக்கம்மா அக்கா யார் வந்து கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்கிறது. "எங்க பிச்சைமணி அங்கதான இருக்கான். நடந்தது என்னன்னு அவன் சொல்லுவான்." பம்பாய்க்குக் கூட்டிப் போகும்போது என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னதை அக்கா இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகையால் மச்சான், நீங்களே கமிட்டிக்குப் போய் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தினமும் அவர்கள் கூடவே இருக்கிறீர்கள். அவனுக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்பது உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. எர்ணாகுளம் கிளையிலிருந்து உங்கள் கம்பெனி ஆள் ஒருவர் வீடு தேடி வந்தார். உங்கள் வேலையை நிரந்தரம் பண்ணப் போகிறார்களாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயா போட்டுக் கொடுத்தேன். செல்லதுரை இங்கே வந்தானா, ஏதாவது பேசினானா என்றும் விசாரித்தார். பாவம், அவன் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருமலுக்கு மிளகு பொடித்து அனுப்புகிறேன். உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
மாயம்மாள்


மட்டாஞ்சேரி
11-8-1985

என் மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மொத்தம் நாலு வரி. மூக்கம்மா வீட்டு விஷயத்தில் தலையிடாதே, கொஞ்ச நாள் விலகி இரு என்று எழுதியிருக்கிறீர்கள். அறையில் எலி சோப்பைத் தின்றதை இரண்டு பக்கத்துக்கு எழுதுகிற மனிதர் நீங்கள். இது நீங்கள் எழுதியதுதானா என்று கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

விலகி இருக்க எனக்கு முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்து, செல்லதுரையை வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். குனிந்தபடியே சாப்பிட்டான். கமிட்டிக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். மருந்துக் கடையில் நானே வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். எந்தக் கடை என்றேன். மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பெற்றவளிடமாவது நிஜத்தைச் சொல்லக் கூடாதா, யார் கொடுத்தாலும் என்னவென்று கேட்காமல் விழுங்கிவிடுவாயா என்று கொஞ்சம் சத்தம் போட்டேன்.

அப்போதுதான் அவன் வாயிலிருந்து வந்தது. "சித்தப்பா சாயா குடுத்தா குடிப்பேன், மாத்திரை குடுத்தா முழுங்குவேன். என்னன்னு கேக்கத் தோணல சித்தி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. தட்டில் கை வைத்தபடி அழுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். நீ வாயைத் திறந்தால் பிச்சைமணி ஜெயிலுக்குப் போவான், அவன் குடும்பம் தெருவுக்கு வரும், நீயே ஏற்றுக்கொண்டால் தடை முடிந்ததும் உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி மேனேஜர் சொன்னாராம். எர்ணாகுளத்து ஆள் எதற்காக நம் வீடு தேடி வந்தார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவருக்கு நான் சர்க்கரை தூக்கலாகச் சாயா போட்டுக் கொடுத்தேனே.

மச்சான், நீங்கள் சொல்லாமலே எனக்குச் சில விஷயம் தெரியும். அது உங்கள் மருந்து இல்லை. உங்களுக்குத் தைலமும் விரலும்தான் தெரியும். கம்பெனி டாக்டர் கொடுத்திருப்பார், சத்து மாத்திரை என்று சொல்லியிருப்பார், படித்தவர் சொல்கிறார் என்று நீங்களும் வாங்கி எல்லாருக்கும் கொடுத்திருப்பீர்கள். ஆனால் பொங்கலுக்கு வந்தபோது, அந்த மாத்திரையில் ஒன்றை நானும் போட்டுப் பார்த்தேன், நெஞ்சு படபடவென்று அடித்தது, தூக்கமே வரவில்லை, அறையிலிருந்த பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டேன் என்று நீங்கள் என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பிப் போய், மறுபடியும் அதை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு மேலே யோசிக்க முடியாமல் போகிறது.

நான் உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கால் ஒடிந்த தெருநாய்க்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினவர் நீங்கள். பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கும் பயம்தான். போலீஸ் வந்தால் என்ன செய்வது, கங்காவின் படிப்பு என்ன ஆகும் என்றெல்லாம் நினைக்கிறேன். ஆனால் பந்தாடுகிறவனுடைய காலுக்கு ஆயுசு கொஞ்சம் என்று சொன்னது நீங்கள்தானே. அந்தக் கொஞ்சத்தில் மூன்று வருஷத்தை நமக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்கிறான். அப்படி வாங்கிச் சாப்பிடுகிற சோறு நமக்கு வேண்டாம். அவனைப் பெற்றவள் தன் சோற்று டப்பாவிலிருந்து எனக்குப் பாதி எடுத்து வைக்கிறாள். நான் எந்த முகத்தோடு வாங்கிச் சாப்பிடுவேன்?

கமிட்டிக்குப் போங்கள். டாக்டர் கொடுத்தார் என்பதையும் சொல்லுங்கள், என் கையால்தான் கொடுத்தேன் என்பதையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடாதீர்கள். வேலை போனால் போகட்டும். எனக்குக் கிடங்கு இருக்கிறது. உங்களுக்கு வாசலில் வந்து நிற்கிற ஜனம் இருக்கிறது. அக்காவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் நான் சொல்ல முடியும். அதனால் சீக்கிரம் சொல்லுங்கள்.

கங்கா கீழே மலையாளத்தில் எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் எழுத வரவில்லை, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஓணத்துக்கு வருவீர்களா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

உங்களையே நினைத்துக்கொண்டிருக்கும்
மாயம்மாள்


மட்டாஞ்சேரி
20-10-1985

என் உயிருக்குச் சமமான மச்சானுக்கு,

நீங்கள் எழுதிய நீளமான கடிதத்தைக் கிடங்கு வாசலில் நின்றே படித்தேன். கமிட்டி அறையில் நீங்கள் எதையும் மறைக்காமல் சொன்னதையும், இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று டாக்டர் சொன்னதையும், அதைக் கேட்டுவிட்டு வேறு இரண்டு ஆட்டக்காரர்கள் எழுந்து நின்று பிச்சைமணி சொல்வது நிஜம் என்றதையும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவர்களுக்கும் மூக்கம்மா அக்கா மாதிரி ஒரு அம்மா இருப்பாள் இல்லையா.

மற்றதெல்லாம் பத்திரிகையிலும் வந்தது. டாக்டரை நீக்கினார்களாம். கம்பெனி டீமை இந்த வருஷப் பந்தயங்களிலிருந்து விலக்கினார்களாம். விழுங்குவது என்னவென்று கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, செல்லதுரைக்கு ஒரு வருஷத் தடையோடு நிறுத்தியிருக்கிறார்கள். உங்களுக்கு வேலை போனது. இனி எந்த டீமோடும் நீங்கள் போகக் கூடாது, எந்த ஆட்டக்காரனையும் தொடக் கூடாது என்றும் தீர்ப்பு. இது ஒன்றுதான் தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு நானும் அழுதேன். உங்கள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

பத்திரிகை வருவதற்கு முந்தின நாளே மூக்கம்மா அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன். சுக்கு உடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அக்கா கத்தும், என்னை அடிக்கும் என்று நினைத்தேன். முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "அவன் தெரியாம குடுத்தான்னுகூட வச்சுக்கறேன். தெரிஞ்ச பெறகும் எம்புள்ளையத் திருடன் மாதிரி வீட்டுக்குள்ள உக்கார வச்சானே" என்று மட்டும் சொல்லிற்று. மறுநாளிலிருந்து என் பக்கத்தில் உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டது. நான் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் நியாயமானது.

செல்லதுரை இப்போது தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறான். காலையில் கடற்கரையில் ஓடுகிறான், பகலில் கிடங்கில் மூட்டை தூக்குகிறான். தடை முடிந்ததும் வந்து ஆடச் சொல்லிக் கிளப் செக்ரட்டரி ஆள் விட்டிருக்கிறார். ஆனால் யார் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறான். நான் கொடுத்த சாயாவையும் அப்படித்தான் குடித்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றான். இதை உங்களை நோக வைக்க எழுதவில்லை. நீங்கள் வந்து பார்த்துச் சரி செய்ய வேண்டியது இங்கே இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

தாராவியிலேயே ஏதாவது கடையில் வேலை பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், மூக்கம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கங்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அச்சனை இங்கே வரச் சொல்லு என்றாள்.

நேற்று கிடங்கு விட்டு வரும்போது மூக்கம்மா அக்கா எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்று, திரும்பிப் பார்க்காமலே, "எப்ப வாரான்?" என்று கேட்டது. தெரியவில்லை அக்கா, வர பயப்படுகிறார் என்றேன். "வந்தா மொதல்ல என் வீட்டுக்கு வரச் சொல்லு. அவனைத் திட்டறதுக்கு எனக்கு எவ்வளவோ இருக்கு. கடுதாசில திட்ட எனக்கு எழுதத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நடந்துபோயிற்று.

வாருங்கள் மச்சான். வந்து அந்தத் திட்டை முழுவதும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

எர்ணாகுளத்தில் இறங்கி, இருட்டிய பிறகு போனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். உங்களை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். மத்தியானப் படகில் வாருங்கள். பஜார் ரோடு முழுக்க ஆட்கள் இருக்கிற நேரம். நான் படகு ஜெட்டிக்கு வந்து நிற்பேன். உங்கள் பெட்டியில் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு பேருமாகத் தெரு வழியே நடந்து வருவோம்.

எந்த நாள் வண்டி என்பதை மட்டும் எழுதுங்கள். வழியெல்லாம் தெய்வம் உங்கள் கூட வரட்டும்.

உங்கள்
மாயி